நூலகமும் ஆராய்ச்சி இதழும்: மாற்றிதழ் முறை முதல் திறந்த அணுக்கம் வரை

பல்கலைக்கழக நூலகத்தின் பணி யாது என வினவினால், நூல்களையும் இதழ்களையும் விலைகொடுத்து வாங்கி, வகைப்படுத்தி, கற்பார்க்கு வழங்குதல் என்றே பெரும்பாலார் விடையிறுப்பர். இவ்விடை பிழையன்று, ஆயினும் குறையுடையது. ஆராய்ச்சி இதழ்களை வாங்குவதோடு அமையாது, அவற்றை வெளியிடுவதிலும், அவ்வெளியீட்டிற்குப் பொருள் உதவுவதிலும் நூலகங்கள் பங்கு கொண்டு வந்துள்ளன. கடந்த கால் நூற்றாண்டில் 'திறந்த அணுக்கம்' என்னும் பெயரால், எவரும் கட்டணமின்றி இணையத்திற் படிக்கத்தக்க இதழ்கள் பல்கியுள்ளன. அவற்றுட் பலவற்றைப் பல்கலைக்கழக நூலகங்களே நடத்துகின்றன; வேறு பலவற்றைப் பொருள் தந்து தாங்குகின்றன. இதனை முன் எக்காலத்தும் இல்லாத புதுமை எனப் புகழ்வாரும் உளர். நூலகம் தன் எல்லையைக் கடந்து பதிப்பாளர் தொழிலில் தலையிடுகின்றது எனக் குறைகூறுவாரும் உளர். இரு திறத்தார் கூற்றும் வரலாற்றோடு முழுதும் பொருந்துவனவாக இல்லை. எங்ஙனம் என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கிக் காண்போம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1868-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அமெரிக்க நாட்டின் மேலைக் கரையில், பழம்பெருங் கல்வி நிலையங்கள் அமைந்த கீழைக் கரைக்கும் ஐரோப்பாவிற்கும் நெடுந்தொலைவில் அஃது அமைந்தது. தொடக்கக் காலத்து அதன் நூலகம் சிறியது. பிற நாட்டு ஆராய்ச்சிக் கழகங்கள் வெளியிட்ட தொகுதிகளைப் பெறுதல் அரிதாக இருந்தது. அவற்றுட் பல கடைகளில் விற்கப்படுவனவும் அல்ல. அந்நூலகத்தின் தலைவராக அக்காலத்தில் விளங்கியவர் ஜோசப் ரோவெல் என்பவர். இந்நிலையில் 1893-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் தோன்றியது. அதன் முதல் நோக்கம் விற்பனை அன்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பேராசிரியர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சிட்டு, அவற்றைப் பிற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, அவை வெளியிட்டவற்றைக் கைம்மாறாகப் பெறுதலே அதன் நோக்கம். இதனையே நாம் மாற்றிதழ் முறை என்கிறோம்.

இம்முறையின் பொருளியலைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். அச்சுக்கூலியும் தாளும் பதிப்பகக் கணக்கில் எழுதப்பெற்றாலும், அவற்றின் பயனாக வந்து சேர்ந்தவை நூலகத்தின் அலமாரியிலேயே அமர்ந்தன. ஆகவே, அச்சிடுதற்குச் செலவான தொகை உண்மையில் நூலகம் நூல் வாங்கிய தொகையே ஆகும். ஆசிரியர் ஒன்றும் கொடுத்திலர். படிப்பவரும் ஒன்றும் கொடுத்திலர். இடையில் நின்ற இரண்டு நூலகங்கள் செலவைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. இன்று 'வைர வழித் திறந்த அணுக்கம்' என்னும் அணிப்பெயரால் வழங்குவதும், எழுதுவோரிடத்தும் படிப்போரிடத்தும் பொருள் கொள்ளாத இவ்வமைப்பேயாம். வேறுபாடு ஒன்றுண்டு. மாற்றிதழ் முறையில் கொடுப்பதற்கு ஒன்று உடையவர்க்கே கொள்ளும் உரிமை இருந்தது. தனக்கென ஓர் இதழ் இல்லாத கல்லூரியும், கல்லூரியே இல்லாத ஊரில் வாழும் தனிப்புலவரும் அவ்வட்டத்திற்குப் புறத்தே நின்றனர்.

திராவிட மொழியாராய்ச்சியாளர்க்கு இவ்வெளியீடுகள் அறியாதன அல்ல. நீலகிரியில் வாழும் கோத்தர்களின் மொழியை ஆராய்ந்த பேராசிரியர் எமனோ தொகுத்த கோத்தர் மொழிப் பனுவல்கள், அப்பல்கலைக்கழகத்தின் மொழியியல் வெளியீட்டு வரிசையில் 1944 முதல் 1946 வரையுள்ள ஆண்டுகளில் வெளிவந்தன. கோத்தர் மொழிக் கதைகளை நம்பிப் பொருள் முதலிடும் வணிகப் பதிப்பாளர் அன்றும் இருந்திரார், இன்றும் இரார். விற்பனையை நோக்காத ஒரு வெளியீட்டு வரிசை இருந்தமையாலேயே, சில நூறு மக்கள் பேசும் ஒரு மொழியின் வாய்மொழி இலக்கியம் அச்சேறி உலக நூலகங்களை அடைந்தது. நம் நாட்டுப் பல்கலைக்கழகத் துறை இதழ்களும் இம்மாற்றிதழ் முறையாற் பயன்பெற்றனவே. பழைய தொகுதிகளைப் புரட்டுவோர், எங்கோ ஒரு தொலைநாட்டு நிறுவனத்தின் இதழ் நம் நூலக அடுக்கில் இடையறாது வந்திருத்தலைக் கண்டு வியப்பர். அதற்கு ஈடாகச் சென்றது நம் இதழ் என்பதை எண்ணுவார் சிலரே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இந்நிலை மாறலாயிற்று. அரசுகள் அறிவியல் ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் ஒதுக்கின, கட்டுரைகள் பெருகின, கல்விக் கழகங்களின் இதழ்களுக்கு அவற்றையெல்லாம் ஏற்கும் ஆற்றல் இல்லை. வணிகப் பதிப்பாளர் இவ்விடைவெளியிற் புகுந்தனர். இராபர்ட் மேக்சுவெல் 1951-இல் தம் பொறுப்பிற் கொண்டு வளர்த்த பெர்கமான் பதிப்பகம் இதற்குச் சிறந்த சான்று. துறைதோறும் புதிய இதழ்களைத் தோற்றுவித்த அந்நிறுவனம் 1991-இல் எல்செவியர் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. வணிகர் செய்தது முழுதும் தீமை என்று கூறுதல் நடுநிலை ஆகாது. அவர்கள் இன்றேல் பல புதிய துறைகளுக்கு இதழே வாய்த்திராது. ஆயின், இக்காலத்தில் நூலகம் வெறும் வாங்குவோன் என்னும் நிலைக்கு இறங்கிற்று என்பது மறுக்கலாகாத உண்மை.

வாங்குவோனுக்குரிய வலிமையும் அதற்கு இல்லை. அரிசியின் விலை ஏறினால் கேழ்வரகை நாடலாம்; ஓர் இதழின் விலை ஏறினால் மற்றோர் இதழைப் படித்து அமையலாகாது, ஒன்றில் வந்த கட்டுரை மற்றொன்றில் வாராமையின். மேலும், இன்ன இதழ் வேண்டும் எனச் சொல்வோர் பேராசிரியர். விலை கொடுப்பது நூலகம். கேட்போர்க்கு விலை தெரியாது. கொடுப்போர்க்கு மறுக்கும் உரிமை இல்லை. இத்தகைய சந்தையில் விலை ஏறாதிருந்தாலன்றோ வியப்பு! செல்வத்தில் முதன்மையுடைய ஆர்வர்டு பல்கலைக்கழகமே, 2012-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், இதழ்களுக்குத் தான் ஆண்டுதோறும் செலுத்தும் 37.5 இலட்சம் டாலர் இனித் தாங்கற்பாலதன்று என்று தன் ஆசிரியர்களுக்கு அறிவித்தது. சில இதழ்களின் ஆண்டு விலை 40,000 டாலர் அளவிற்கு இருந்ததாம். அறிவியல் இதழ்களின் விலையை ஈடுசெய்ய நூலகங்கள் எதனைக் குறைத்தன என்பது நம்மனோர் கவனிக்க வேண்டிய செய்தி. இலக்கியம், வரலாறு, மொழியியல் ஆகிய துறைகளின் தனிநூல்களையே குறைத்தன.

நூலகங்கள் இதனை எதிர்த்து எழுந்த முதற்படி, தாமே வெளியிடுதல் அன்று. போட்டி இதழ்களை ஊக்குதலே. அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் கழகம் 1997-இல் இதற்கென ஒரு கூட்டணியைத் தொடங்கியது. அதன் துணையுடன், விலைமிக்க ஒரு வேதியியல் இதழுக்கு மாற்றாக, அமெரிக்க வேதியியற் கழகம் 1999-இல் குறைந்த விலையுள்ள ஓரிதழை வெளியிட்டது. அப்புதிய இதழும் சந்தா இதழே. விலையைக் குறைத்தல் வேறு, விலையை நீக்குதல் வேறு. பின்னதற்குரிய கொள்கை விளக்கம் 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதாபெத்து நகரின் பெயரால் வெளிவந்த அறிக்கையில் முழுமையாகக் காணப்படுகின்றது.

கொள்கை இருந்தாற் போதாது, கருவியும் வேண்டும். கனடாவில் பிரிட்டிசுக் கொலம்பியப் பல்கலைக்கழகக் கல்வித்துறைப் பேராசிரியர் ஜான் வில்லின்சுகி 1998-இல் தொடங்கிய பொது அறிவுத் திட்டம் அக்கருவியை அளித்தது. கட்டுரை பெறுதல், மதிப்பீட்டாளர்க்கு அனுப்புதல், திருத்தம் வாங்குதல், வெளியிடுதல் ஆகிய அனைத்தையும் நடத்தவல்ல ஒரு மென்பொருளை அத்திட்டத்தினர் ஆக்கி, விலையின்றி வழங்கினர். இம்முயற்சி ஒரு தனிப் பேராசிரியரின் ஆர்வத்தோடு மறையாது நிலைபெற்றமைக்குக் காரணம், 2005-இல் சைமன் பிரேசர் பல்கலைக்கழக நூலகம் அதன் பொறுப்பில் பங்கேற்றதேயாகும். ஆர்வலர் தொடங்குவர், நூலகம் காக்கும். இன்று உலகெங்கும் பல்லாயிரம் இதழ்கள் அம்மென்பொருளில் இயங்குகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மின்னியல் நூலகமும் 2002-இல் தன் ஆசிரியர்களின் ஆய்வுகளை எவரும் பெறுமாறு வெளியிடும் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிற்று. பின்னர் அதிலேயே முழு இதழ்களும் வெளிவரலாயின. 1893-இன் நோக்கம் ஒரு நூற்றாண்டு கழித்து, மாற்றிதழின் எல்லையையும் கடந்து, மீண்டும் தலையெடுத்தது எனலாம்.

இங்ஙனம் இதழ் வெளியிடும் நூலகம் எதைச் செய்கின்றது, எதைச் செய்வதில்லை என்பதில் மயக்கம் உண்டு. கட்டுரையின் தகுதியை ஆராய்தல் நூலகத்தின் வேலை அன்று. அது பதிப்பாசிரியர் குழுவுக்கே உரியது. இணைய வழங்கியில் இடந்தருதல், இதழுக்குப் பன்னாட்டு எண் பெறுதல், ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான அடையாள எண் இடுதல், தேடுவார்க்கு அகப்படுமாறு விவரக்குறிப்பு அமைத்தல், நெடுங்காலம் அழியாது காத்தல் ஆகியன நூலகத்தின் வேலை. இறுதியிற் கூறியதே தலையாயது. சுடான்போர்டு பல்கலைக்கழக நூலகத்தார் 1999 முதல் வகுத்த காப்பு முறை, ஒரே இதழின் படிகளைப் பல நூலகங்களில் வைத்து, ஒன்றில் நேர்ந்த பழுதை மற்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துவதாகும். ஏட்டுச்சுவடிகள் பல படிகளாகப் பல ஊர்களில் இருந்தமையாலன்றோ நம் நூல்கள் தப்பின! சுவடி ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபில் வந்தார்க்கு இம்முறையை விளக்கவேண்டுவதில்லை.

எனினும், செலவே இல்லாத இதழ் என ஒன்று இல்லை. மெய்ப்புத் திருத்துவார்க்கும் பக்கம் அமைப்பார்க்கும் கணிப்பொறியைப் பேணுவார்க்கும் ஊதியம் வேண்டும். அதனைத் தருவார் யார்? இவ்விடத்திலேதான் திறந்த அணுக்க இயக்கம் இரு வழியாகப் பிரிந்தது.

முதல் வழி, கட்டுரை ஆசிரியரிடம் கட்டணம் பெறுவது. அவர் சார்பில் அதனைச் செலுத்த நூலகங்கள் நிதி ஒதுக்கின. 2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்னெல், டார்ட்மத், ஆர்வர்டு, மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம், பெர்க்கிலி ஆகிய ஐந்தும் இதற்கென ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நோக்கம் நன்றே. ஆனால் வாயிலில் இருந்த பூட்டு அகன்று, எழுதுவோன் கையில் ஏறிற்று. படிக்க இயலாதிருந்த வறிய நாட்டு ஆய்வாளர் இப்போது படிக்கலாம், எழுதத்தான் இயலாது. 2021 முதல் 'நேச்சர்' இதழ் தன்னிடத்தில் ஒரு கட்டுரை திறந்து வெளிவர 9,500 யூரோ கட்டணம் விதித்தமை எல்லாரும் அறிந்ததே. நல்கைத் தொகையில் ஆராயும் அறிவியலார் ஒருவாறு இதனைத் தாங்குவர். ஒரு சங்கப் பாடலின் பாடவேறுபாட்டை ஈராண்டு ஆராய்ந்து பத்துப் பக்கம் எழுதும் புலவர்க்கு எந்த நல்கை உண்டு?

இரண்டாம் வழி, நூலகங்கள் கூடி இதழையே தாங்குவது. இதற்கு வேண்டிய பொருள் உண்டா என ஐயுறுவார்க்குச் செர்மனியின் மாக்சு பிளாங்கு மின்னியல் நூலகத்தார் 2015-இல் ஒரு கணக்குக் காட்டினர். உலகம் ஆண்டுதோறும் இதழ்ச் சந்தாவிற்காகச் செலவிடும் தொகை ஏறத்தாழ 760 கோடி யூரோ. அதனைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றுக்கு 3,800 முதல் 5,000 யூரோ வரை விழுகின்றது என்பது அக்கணக்கு. பொருள் புதிதாக வேண்டுவதில்லை, நூலகங்களிடம் ஏற்கெனவே உள்ளது என்பது அதனாற் பெறப்படும். அவ்வளவில் அஃது உண்மை. ஆயின் அக்கணக்கினர், அதே தொகை அதே பதிப்பகங்களுக்கு வேறு பெயரில் செல்வதையும் ஏற்கின்றனர். அதனை என்னால் உடன்பட இயலவில்லை. துகள் இயற்பியலில் நிகழ்ந்தது இதனினும் நேரிய முயற்சி. ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையத்தின் தலைமையில் 2014 சனவரி முதல், 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் 3,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள், தாம் செலுத்திவந்த சந்தாவை ஒரு பொது நிதியாகத் திரட்டி, அத்துறையின் முதன்மையான இதழ்களைத் திறந்துவைத்தன. ஆசிரியர் எவரும் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. ஆனால் அத்துறை சிறியது. அதன் கட்டுரைகள் ஒருசில இதழ்களில் அடங்குவன. அதற்குப் பொறுப்பேற்க ஒரு பெருநிலையமும் உண்டு. இம்மூன்றும் வாய்க்காத மொழித்துறையில் என் செய்வது?

'லிங்குவா' என்னும் மொழியியல் இதழின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகின்றது. 1949-இல் தோன்றிய அவ்விதழ் பின்னாளில் எல்செவியர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2015-இல் லைடன் பல்கலைக்கழகத்து யோகன் ரோரிக் அதன் தலைமைப் பதிப்பாசிரியர். நூலகங்கள் அவ்விதழின் விலையைத் தாங்க இயலவில்லை என்பதையும், அதில் எழுதுவார் மதிப்பிடுவார் அனைவரும் பல்கலைக்கழக ஊதியத்தில் வாழ்வார் என்பதையும் எண்ணிய குழுவினர், இதழை முழுதும் திறக்குமாறும், கட்டணம் 400 யூரோவிற்கு மேற்படாதிருக்குமாறும், இதழின் பெயருரிமை பதிப்பாசிரியர்பால் இருக்குமாறும் வேண்டினர். நிறுவனம் மறுத்தது. அவ்வாண்டின் இறுதியில் பதிப்பாசிரியர் அறுவரும், ஆசிரியக் குழுவினர் முப்பத்தொருவரும் ஒருங்கே விலகினர். விலகியவர்கள் 'குளோசா' என்னும் புதிய இதழைத் தொடங்கினர். பழைய பெயர் நிறுவனத்திடமே நின்றது. அப்பெயரில் வேறு ஆசிரியர் குழுவுடன் இதழும் தொடர்ந்தது. இதழ் என்பது பெயரா, அதனை நடத்தும் புலவர் கூட்டமா என்னும் வினா இதனால் எழுந்தது. மொழியியலார் பலரும் கூட்டத்தோடே சென்றனர்.

விலகுதல் எளிது; நடத்துதல் அரிது. முதல் ஐந்தாண்டுகளுக்கு நெதர்லாந்தின் ஆராய்ச்சி மன்றமும் பல்கலைக்கழகக் கழகமும் பொருள் தந்தன. அதன்பின் இதழைத் தாங்க முன்வந்தது 'மானுடப் புலங்களின் திறந்த நூலகம்'. பெயரில் நூலகம் எனினும் அது பதிப்பகமே. ஆனால் அதன் உயிர் நூலகங்களின் கையில் உள்ளது. இலண்டன் பிர்க்பெக் கல்லூரியைச் சார்ந்த மார்ட்டின் பால் ஈவ், கரோலின் எட்வர்ட்ஸ் இருவரும் தொடங்கிய இவ்வமைப்பு, மெல்லன் அறக்கட்டளையின் நல்கையோடு, 2015 செப்டம்பரில் 7 இதழ்களுடன் வெளிப்பட்டது. அப்பொழுது அதற்குத் துணைநின்ற நூலகங்கள் ஏறத்தாழ 100. ஒவ்வொரு நூலகமும் தன் நிறுவனத்தின் அளவிற்கேற்ப ஆண்டுத்தொகை செலுத்துகின்றது. புதிய இதழ்களைச் சேர்ப்பதிலும் அதற்குக் கருத்துரிமை உண்டு. எழுதுவார்க்குக் கட்டணம் இல்லை, படிப்பார்க்கும் இல்லை.

இவ்வமைப்பின் நொய்ம்மையும் இதிலேயே உள்ளது. பணம் தாராத நூலகத்தின் வாசகரும் அவ்விதழ்களைத் தடையின்றிப் படிக்கலாம் அன்றோ? எனின், தருவார் ஏன் தரவேண்டும்? சந்தா என்பது பெற்ற பொருளுக்கு விலை. தணிக்கையாளர் அதனை வினவுவதில்லை. எவர்க்கும் இலவசமாகக் கிடைப்பதற்குப் பொது நிறுவனம் பணம் கொடுத்தால், அதனை எந்தத் தலைப்பில் எழுதுவது? இக்கேள்வி சிறிதாகத் தோன்றும். ஆயினும் கொள்கையால் உடன்பட்ட பல நூலகங்களைத் தடுத்து நிறுத்துவது இதுவே எனக் கருதுகிறேன். 'ஆண்டு மதிப்புரைகள்' என்னும் அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் கண்ட உபாயம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. நூலகங்கள் வழக்கம்போல் சந்தாவே செலுத்தும். போதிய நூலகங்கள் செலுத்தினால் அவ்வாண்டின் தொகுதி உலகிற்கே திறக்கப்படும். செலுத்தாவிடின் செலுத்தியவர்க்கு மட்டுமே உரியதாய் மூடிநிற்கும். 2023-இல் அந்நிறுவனத்தின் அனைத்து இதழ்களும் இம்முறையின்கீழ் வந்தன. கணக்கேட்டில் சந்தா, பயனில் கொடை.

பொருள் மிக்க நாடுகளில் மட்டுமே இஃது இயலும் என்பாரும் உளர். தென்னமெரிக்கா அதனை மறுக்கின்றது. பிரேசில் நாட்டின் சான் பவுலோ மாநில ஆராய்ச்சி அறக்கட்டளையும், அந்நகரில் 1967 முதல் இயங்கிய வட்டார மருத்துவ நூலகமும் கூடி, 1997-இல் பத்து இதழ்களை வைத்து ஒரு முன்னோட்டம் நடத்தின. தம் நாட்டு இதழ்கள் வட அமெரிக்கக் குறிப்பேடுகளில் இடம்பெறாது மறைந்து கிடத்தலே அவர்களைத் தூண்டிய குறை. வணிகப் பதிப்பாளர் நாடாத அவ்விதழ்களைப் பொதுப்பணமும் நூலகத் திறனும் சேர்ந்து உலகின்முன் வைத்தன. இம்முறை பின்னர்த் தென்னமெரிக்க நாடுகள் பலவற்றிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவிற்று.

மீண்டும் கலிபோர்னியாவை நோக்குவோம். 2019 பிப்ரவரியில் அப்பல்கலைக்கழகம் எல்செவியர் நிறுவனத்தோடு பேச்சை முறித்து, அதன் இதழ்களின் சந்தாவை நிறுத்திற்று. ஈராண்டு கழித்து, 2021 மார்ச்சில் புதிய உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி அப்பல்கலைக்கழகத்தார் எழுதும் கட்டுரைகள் திறந்து வெளிவரும். கட்டணத்தில் முதல் 1,000 டாலரை நூலகம் செலுத்தும். எஞ்சியதை நல்கை உடையார் தாமே செலுத்துவர். நல்கை இல்லார்க்கு முழுத்தொகையையும் நூலகமே ஏற்கும். தன் ஆசிரியரின் எழுத்து உலகைச் சென்றடைய நூலகம் பொருள் தருகின்றது என்னும் அளவில் இது ரோவெல் காலத்து வழக்கமே. அன்று அப்பொருள் தன் பல்கலைக்கழக அச்சிற்குச் சென்றது. இன்று பிறிதொரு நாட்டு வணிக நிறுவனத்திற்குச் செல்கின்றது. வேறுபாடு சிறிதன்று.

நம் நாட்டில் 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 'ஒரு நாடு ஒரு சந்தா' என்னும் திட்டத்திற்கு இசைவளித்தது. 2025 முதல் 2027 வரையுள்ள மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி உரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பாளரின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அவற்றைப் பெறும் அரசு நிறுவனங்கள் 6,300. ஊரகக் கல்லூரி மாணவர்க்கும் உயர்ந்த இதழ்கள் எட்டும் என்பதால் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அப்பெருந்தொகை முதன்மையாகப் படிக்கும் உரிமைக்காகத் தரப்படுவது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறை ஒன்று தன் இதழின் பழந்தொகுதிகளை மின்படியாக்கி, அடையாள எண் இட்டு, புதிய இதழை யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் உள்ள தமிழறிஞர் அன்றே படிக்குமாறு திறந்துவைக்க விரும்பினால், அதற்குரிய செலவு இத்தொகையின் நிழலளவும் வாராது. மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை இயக்கவல்ல நூலகரும் பல்கலைக்கழகங்களில் உள்ளனர். எஞ்சுவது, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதழ் வாங்குதல் என்னும் தலைப்பின்கீழ், இதழ் வெளியிடுதல் என்றொரு வரி.